மறுபடியும் அதே பக்கம்

பழைய வண்ணாரப்பேட்டை,
ஞாயிறு, ராத்திரி ஒரு மணி.

அன்புள்ள மச்சி,

உன் கடிதம் வந்து ஏழு மாதம் ஆச்சு. பதில் போடாததற்குக் காரணம் ஒன்றும் இல்லை, சோம்பேறித்தனம்தான். ஊருக்கு வரும்போது மொத்தமாகத் திட்டிக்கொள். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. மெட்ரோவில் லிஃப்ட் இருக்கும்மா என்றால், "லிஃப்ட் வரைக்கும் யாருடா நடக்கிறது" என்கிறாள். உன் தம்பி கல்மண்டபம் பக்கம் வீடு மாறிவிட்டான். நம்ம கூட்டாளி ஹார்பருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, கேட்டால் அதே பதில்தான். ஊர்ச் செய்தி போதும்.

விஷயத்துக்கு வருகிறேன். கொருக்குப்பேட்டை ஆரி அக்கா நினைவிருக்கும், மறக்க முடியுமா. நம்ம பிரவுசிங் சென்டர் ஓடின காலத்தில் மத்தியானம் சாப்பிட்டீங்களாடா என்று கேட்டுக் கேட்டே நெத்திலி வறுவலைத் தூக்குவாளியில் அனுப்பினவள். அந்த அக்காவைப் போனில் கத்திவிட்டேன்டா. கத்தினது மட்டும் இல்லை, அதற்கப்புறம் பண்ணினதுதான் இப்போது தூக்கம் வராமல் உனக்கு எழுத வைத்திருக்கிறது.

அக்கா இப்போது வீட்டு மாடியில் ஆரி எம்பிராய்டரி கிளாஸ் எடுக்கிறாள். கல்யாண பிளவுஸ் ஆர்டர் ஒரு பக்கம், கிளாஸ் ஒரு பக்கம். போன வருஷம் வெளியூர்ப் பெண்கள் கேட்கிறார்கள் என்று ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்தேன். பணம் கட்டினவர்களுக்கு மட்டும் பாடம் தெரியும். அவள் எடுக்கிற வீடியோவை நீ பார்க்கணும். ஆரி ஊசியைப் பிடித்த கை சட்டத்துக்கு மேலே, நூல் கொடுக்கிற கை துணிக்குக் கீழே. எல்லாரும் மேல் கையைத்தான் காட்டுவார்கள். அக்கா சட்டத்துக்கு அடியில் ஸ்டூல் போட்டு இன்னொரு போனை மல்லாக்க வைத்துக் கீழ்க் கையையும் எடுக்கிறாள். பேத்தி அதை ஓரத்தில் ஒட்டிக் கொடுக்கிறது. "கீழ இருக்கிற கைதான் தம்பி வேலை செய்யுது, மேல இருக்கிறது சும்மா வேடிக்கை" என்பாள்.

பன்னிரண்டு நிமிஷப் பாடம், ஒன்றரை ஜிபி. இதைப் போனிலிருந்தே வெப்சைட்டில் ஏற்றணும்.

ஏறவில்லை. முதல் நாள் போன் பண்ணினாள். "தம்பி, ஃபுல்லா நூறு வரைக்கும் போச்சு. அப்புறம் மறுபடியும் அதே பக்கம் வருதுப்பா." நான் டீ குடித்துக்கொண்டே, "பட்டனைச் சரியா அழுத்தலக்கா, இன்னொரு வாட்டி பாருங்க" என்றேன். அடுத்த நாளும் அதே பக்கம். நெட் ஸ்லோவா இருக்கும்க்கா என்றேன். அடுத்த வாரம் போனை மாற்றிப் பாருங்க என்றேன். ஒவ்வொரு தடவையும் அவள் சொன்னது அதே வாக்கியம், ஒரு எழுத்து மாறவில்லை. பதினோராவது நாள் காலையில் வேறொரு கிளையன்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கடுப்பில், "அக்கா, உங்களுக்கு இதெல்லாம் வராது, விட்டுடுங்க, நானே வந்து போடுறேன்" என்று கத்திவிட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "சரி தம்பி, உனக்கு நேரம் இருக்கும்போது வா" என்றாள். வைத்துவிட்டாள்.

அன்றைக்கு ராத்திரி போனேன். வழக்கம்போல ரயில்வே கேட் போட்டிருந்தான். ஒரு கூட்ஸ் போச்சு, திறப்பான் என்று எல்லாரும் வண்டியை ஸ்டார்ட் பண்ணினோம். திறக்கவில்லை, எதிர்ப்பக்கமிருந்து இன்னொன்று. நம்ம ஊரில் பிறந்தவனுக்கு அந்தக் கேட்டில் நிற்கிற அலுப்பைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

பத்து மணிக்குப் போனால், "பன்னெண்டு ஆகட்டும் தம்பி" என்றாள். எதுக்குக்கா என்றேன். அவள் டேட்டா பேக்கில் ஒரு நாளைக்கு 2 ஜிபி. அது தீர்ந்தால் வேகம் 64 கேபிபிஎஸுக்கு விழும், அந்த வேகத்தில் ஒரு ஜிபி ஏற ஒன்றரை நாள் ஆகும். வீடியோ ஒன்றரை ஜிபி. அதாவது ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவைதான் முயற்சி பண்ண முடியும். பகலில் ஆர்டர் படம் அனுப்ப, பேத்தி படிக்க நெட் வேண்டும். அதனால் நடுராத்திரி புது டேட்டா வந்ததும் உட்காருகிறாள். போனாலும் போகாவிட்டாலும் அன்றைக்கு நாள் முழுக்க வீட்டுக்கு மிச்சம் அரை ஜிபிதான். பதினோரு நாள் இப்படி நடந்திருக்கிறது மச்சி. நான் போனில் "இன்னொரு வாட்டி பாருங்க" என்று சாதாரணமாகச் சொன்னேன் பார், அந்த இன்னொரு வாட்டிக்கு விலை ஒரு நாள்.

பன்னிரண்டு ஐந்துக்கு ஆரம்பித்தாள். அங்கே சிக்னல் நாலு எம்பிபிஎஸ் கிடைத்தால் பெரிசு. கணக்குப் போட்டால் ஐம்பது நிமிஷத்துக்குக் குறையாது. திரை அணைந்தால் அப்லோட் அறுந்துவிடும் என்று அவளே கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். அதற்காக அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை விரலால் திரையைத் தொட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், தூளியை ஆட்டுகிற மாதிரி. நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். எழுபது, எண்பது, தொண்ணூற்றொன்பது, நூறு. அப்புறம் பக்கம் ஒரு தரம் மினுக்கியது. காலி ஃபார்ம். தலைப்பு எழுதுகிற கட்டம் காலி, ஃபைல் கட்டம் காலி. எரர் இல்லை, சிவப்பு எழுத்து இல்லை, ஒன்றும் இல்லை.

மறுபடியும் அதே பக்கம். அவள் பதினோரு தடவை சொன்னது அதைத்தான். எந்த எஞ்சினியரும் இதைவிடச் சரியாகச் சொல்லியிருக்க மாட்டான்.

உனக்கு இப்போதே புரிந்திருக்கும். போன மாதம் சர்வர் மாற்றினேன். பெரிய ஃபைல் உள்ளே வர மூன்று கேட் இருக்கிறது. வாசலில் நிற்கிற சர்வர் மென்பொருள் என்ஜின்எக்ஸ், சும்மா விட்டால் 1 எம்பிக்கு மேல் விடாது, அதைத் திறந்தேன். உள்ளே சைட்டை ஓட்டுகிற பிஎச்பியில் ஒரு ஃபைலுக்கு 2 எம்பி, அதையும் 2 ஜிபி ஆக்கினேன். மொத்த ஃபார்முக்கும் சேர்த்துத் தனியாக ஒரு எல்லை உண்டே, போஸ்ட் மேக்ஸ் சைஸ், அது சும்மா விட்டால் 8 எம்பி. அதை மறந்துவிட்டேன். அதைத் தாண்டினால் பிஎச்பி சண்டை போடாது, ஃபார்மில் வந்த மொத்தத்தையும் கீழே கொட்டிவிட்டு நான் எழுதின புரோகிராம் கோடிடம் வெறுங்கையைக் காட்டும். என் கோடு என்ன நினைக்கும்? யாரும் எதுவும் அனுப்பவில்லை, புதிதாக வந்திருக்கிறார்கள் போல என்று காலி ஃபார்மை நீட்டும். ரெண்டு கேட்டைத் திறந்து வைத்துவிட்டு மூன்றாவதைப் பூட்டி, சாவியை நான் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, கேட்டில் நிற்கிறவளைப் பார்த்து உனக்கு வண்டி ஓட்ட வராது என்று கத்தியிருக்கிறேன்.

நீ இப்போது ஃபைல் அனுப்புகிற அந்தப் பழைய முறை, எஃப்டிபி என்று ஆரம்பிப்பாய், தெரியும். 1971-இல் அபய் பூஷண் எழுதினது, ஐஐடி கான்பூர் பையன், அதை விவரிக்கிற அந்த ஆர்எஃப்சி 114 ஆவணம்... முப்பது தடவை கேட்டாச்சுடா. மனுஷன் பெரிய ஆள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உன் பேச்சைக் கேட்டு மின்ட் பக்கம் பிரஸ்காரருக்கு ஃபைல்ஸில்லா என்கிற எஃப்டிபி மென்பொருளைப் போட்டுக் கொடுத்தேனே, என்ன ஆச்சு தெரியுமா? ஃப்ளெக்ஸ் டிசைன் பெரிது, பத்துக்கு இருபது அடி போர்டை அங்குலத்துக்கு 72 புள்ளியில், பிரிண்ட்டுக்கான சிஎம்ஒய்கே நாலு நிறத்தில் வைத்தாலே சுருக்காமல் 600 எம்பி கிட்ட வரும். வாட்ஸாப்பில் போட்டோவாக அனுப்பினால் நசுங்கி, பிரிண்ட்டில் மாப்பிள்ளை முகம் கட்டம் கட்டமாக வரும். சரி, எஃப்டிபி என்று கொடுத்தேன். இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் இழுங்க என்று நான் சொன்னதை நம்பி அவர் டெஸ்க்டாப்பையே இழுத்துவிட்டார். மூன்று நாள் அவர் பாஸ்புக் ஸ்கேன், பெண்ணின் ஜாதகம், எல்லாம் உலகம் பார்க்கிற மாதிரி கிடந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நம்புகிறேன். போதாததற்கு வெறும் எஃப்டிபியில் பாஸ்வேர்டு மறைக்காமல் போகும். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2021-லேயே அதைத் தூக்கி வெளியே போட்டுவிட்டன. நீ மட்டும் இன்னும் விடவில்லை.

அப்படியானால் என்ன பண்ணினேன்? எனக்கு வருகிற பாதிப் பேருக்கு நான் சொல்வது, ஃபைலை உன் சைட்டில் ஏற்றாதே, யூடியூபில் போட்டு லிங்க்கை மட்டும் ஒட்டு என்பதுதான். அக்காவுக்கு அது ஆகாது, காசு கட்டின பாடத்தின் லிங்க் ஒரு வாட்ஸாப் குரூப்பில் விழுந்தால் முடிந்தது கதை. அதனால் உட்கார்ந்து எழுதினேன், நாலு ராத்திரி. போனிலேயே ஃபைலை 5 எம்பித் துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றாக அனுப்பு. அறுந்தால் கடைசியாகச் சேர்ந்த துண்டுக்கு அடுத்ததிலிருந்து தொடங்கு. டேட்டா தீர்ந்தால் தீரட்டும், நாளைக்கு மிச்சம் போகும். இதற்கென்றே டஸ் என்று ஒரு நெறிமுறை இருக்கிறது, ஓசிதான், அதையே எடுத்துக்கொண்டேன். அப்லோட் நடக்கிற வரை திரை அணையாமல் பிடித்து வைக்க பிரவுசரிலேயே வழி இருக்கிறது, அக்கா விரலுக்கு ஓய்வு. இதில் ஒன்றும் புதுசு இல்லை மச்சி, எல்லாம் வருஷக்கணக்காக இருக்கிற சங்கதி. நான் பண்ணவில்லை, அவ்வளவுதான்.

அதிக நேரம் எடுத்தது கோடு இல்லை, திரையில் என்ன எழுதுவது என்பதுதான். "அப்லோட் ஃபெயில்ட்" என்பதை அடித்துத் தூக்கினேன். "நெட் நின்னுடுச்சு. இதுவரை 640 எம்பி பத்திரமா இருக்கு. நெட் வந்ததும் இதே வீடியோவை எடுங்க, மிச்சம் போகும்" என்று போட்டேன். பேத்தி படித்துவிட்டு, "அங்கிள், இது நீங்க பேசற மாதிரியே இல்ல, நல்லா இருக்கு" என்றது. வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இதற்கு நடுவில் ஒரு காரியம் பண்ணினேன், பண்ணாமலே இருந்திருக்கலாம். சர்வர் தானே எழுதி வைக்கிற குறிப்பு, அந்த லாகைத் திறந்தேன். "இத்தனை பைட் வந்தது, எல்லை 8388608 பைட்" என்று வரிசையாக வார்னிங். அக்காவுடையது பன்னிரண்டு, நான் போய் உட்கார்ந்த ராத்திரியும் சேர்த்து. ஒவ்வொன்றிலும் மணி பன்னிரண்டு, பன்னிரண்டரை, ஒன்று. அதோடு நிற்கவில்லை. அதே சர்வரில் இருக்கிற மற்ற சைட்டுகளிலும் இருக்கிறது. பிரஸ்காரருக்கு டிசைன் அனுப்பப் பார்த்தவர்கள், டியூஷன் சென்டருக்குச் சான்றிதழ் ஸ்கேன் போடப் பார்த்தவர்கள். ஒருத்தர் ஒரே சாயங்காலத்தில் ஆறு தடவை முயற்சி பண்ணியிருக்கிறார். யாரென்று தெரியாது. யாரும் எனக்குப் போன் பண்ணவில்லை. தனக்குத்தான் வரவில்லை என்று எழுந்து போயிருப்பார்கள். வார்னிங் முடிவில் பிஎச்பி எழுதுகிறதே, அறியாத இடம், பூஜ்ஜியமாவது வரி என்று, அதைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சரி, இப்போது நான் பண்ணின கேவலத்தைச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி அக்கா புதுப் பக்கத்தில் ஏற்றினாள். நடுவில் ரெண்டு தடவை நெட் போச்சு, ரெண்டு தடவையும் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டது. "சேர்ந்துடுச்சு" என்று பச்சையில் வந்தது. காலையில் போன் பண்ணினாள், குரலில் அப்படி ஒரு சந்தோஷம். நான் முந்திக்கொண்டு, "சர்வர் ப்ராப்ளம்க்கா, இப்ப சரியாயிடுச்சு" என்றேன். பிரவுசிங் சென்டரில் போன் பில் கட்டாமல் லைன் கட்டானபோது கஸ்டமரிடம் சொல்ல நீ கற்றுக்கொடுத்த அதே வித்தை. இருபது வருஷமாகியும் வாய் மறக்கவில்லை. அதற்கு அவள், "அட போ தம்பி, சர்வர் இன்னா பண்ணும். நான்தான் ஏதோ தப்பா அழுத்திக்கினு இருந்திருக்கேன். இப்பதான் கை பழகிச்சு" என்றாள்.

நான், "ஆமாக்கா" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்றா? அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். உன்னிடம் எதற்கு நடிப்பு, பயம்தான். பதினோரு ராத்திரி என்னால் போச்சு என்று தெரிந்தால் அவள் திட்ட மாட்டாள், சாப்பிட்டியா என்று கேட்பாள், அதைத் தாங்க முடியாது. மாடியில் நாற்பது பெண்களுக்கு ஆரி சொல்லிக்கொடுக்கிறவள், ஊசி பிடிக்கத் தெரியாமல் வருகிறவளை ஒரு தரம்கூட உனக்கு வராது என்று சொன்னதில்லை. அவளிடம் நான் அதைச் சொல்லியிருக்கிறேன், அவளும் நம்பிவிட்டாள்.

நாளைக்கு சாயங்காலம் போகிறேன். லாகை பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போகலாமா என்று யோசித்தேன், கேனத்தனமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். வாயால் சொன்னால் போதும். இந்த வருஷ ஹோஸ்டிங் காசு வாங்கப்போவதில்லை, அதற்குச் சண்டை போடுவாள்.

நீ எப்போது வருகிறாய்? டிசம்பரா, போன தடவை மாதிரி டிசம்பர் என்று சொல்லி மார்ச்சில் வருவாயா? வரும்போது பேரீச்சம்பழம் வேண்டாம், அம்மாவுக்குச் சர்க்கரை 210. பழைய ஹார்ட் டிஸ்க் உன்னிடம்தான் இருக்கிறது, பிரவுசிங் சென்டர் போட்டோ எல்லாம் அதில்தான், மறக்காமல் எடுத்து வா. இல்லையென்றால் எஃப்டிபியில் அனுப்பு, பார்க்கலாம் உன் சாமர்த்தியத்தை.

உன்,
ரெண்டாம் நம்பர் கேபின்