தோட்டை விற்க முன் கேட்டிருக்கலாம்

ஆசிரியருக்கு,

பக்கத்து வீட்டுப் பொடியனை வீடுடைப்புச் சந்தேகத்தில் பிடித்து, மறுநாள் விளக்கமறியலில் வைத்தார்கள். தாய் காதுத்தோட்டை விற்று, நீதிமன்ற வாசலில் நின்ற தரகர் ஒருவரிடம் கொடுத்தார். பற்றுச்சீட்டும் இல்லை, சட்டத்தரணியும் வரவில்லை.

வறியவர்களுக்காக இலவசமாக வழக்காட, 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு மட்டக்களப்பிலும் இயங்குகிறது. நகரத்தில் இருப்பவர்களுக்கே இது தெரியாது; வாவிக்கு மேற்கே படுவான்கரைக் கிராமத்தில் இருக்கும் தாய்க்கு யார் சொல்வது? பொலிசாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைச் சந்தேகநபருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று சாட்சியக் கட்டளைச் சட்டம் சொல்வதும் பலருக்குப் புதினம். 'ஒப்புக்கொண்டிட்டன், இனி என்ன' என்றுதான் அந்தப் பொடியனும் இருந்தான்.

பொலிஸ் நிலைய வாசலில் ஆணைக்குழுவின் விலாசத்தைத் தமிழில் ஒட்டிவைக்க எவ்வளவு செலவாகும்?

வாசகர்,
கொக்கட்டிச்சோலை