பனிமான் வயிறும் மிளா வயிறும்

அன்பு மக்களே,

நீ அனுப்பிய படங்களை அம்மையும் நானும் பார்த்தோம். அந்தப் பனிமான்களைக் கண்டதும் அம்மை கேட்டது ஒன்றுதான்: "இதுக்குத் திங்க அங்க என்ன இருக்கு?" உன் ஆராய்ச்சியே அதுதானே என்றேன். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

மாமாவுக்குத்தான் திருப்தி இல்லை. "வயித்துக் கிருமியப் படிக்க நார்வேக்குப் போணுமா அத்தான்? நம்ம தொழுவத்துல இல்லாத கிருமியா?" என்கிறார். மாடு புல்லைத் தின்னத்தான் செய்யும். நாரைப் பிரிக்கும் நொதி அதற்குச் சொந்தமாகக் கிடையாது, அந்த வேலை அதன் வயிற்றில் இருக்கும் ஃபைப்ரோபாக்டர், ரூமினோகாக்கஸ் என்ற பாக்டீரியாக்களுக்கு, அவை விடும் அமிலங்களில்தான் மாட்டின் சக்தியில் சுமார் 70 சதவீதம் வருகிறது என்று விளக்கினேன். "அப்பம் பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் நான் கிருமிக்கா வாங்கிப் போடுகேன்?" என்றார். பாதிக்கு மேல் சரிதான் என்றேன்.

ஆனால் தொழுவத்துக் கணக்கு காட்டுக்குச் செல்லாது. நம் பசுவுக்கு வருஷம் முழுக்க வைக்கோலும் தவிடும் கழுநீரும் ஒரே சீராகக் கிடைக்கிறது. நீ அனுப்பிய, வடதுருவப் பக்கத்து நார்வே தீவான ஸ்வால்பார்டின் பனிமான்களைப் பற்றி ஆர்பின் குழுவினர் 1985-ல் எழுதிய கட்டுரையைக் கண்ணாடி போட்டு முழுக்கப் படித்தேன். கோடையில் ரூமன் என்கிற முதல் வயிற்றில் உள்ள நீரில் ஒரு மில்லிக்கு சுமார் 2,000 கோடி பாக்டீரியா. குளிர்காலத்தில் அதில் 17 சதவீதம்தான் மிச்சம். மாவுச்சத்தில் கொழிக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸின் பங்கு 17-லிருந்து 4 சதவீதமாகச் சரிகிறது; நாரைப் பிரிக்கும் பியூட்டிரிவிப்ரியோ 22-லிருந்து 30-க்கு ஏறுகிறது. கூட்டம் மெலிகிற நேரத்தில் நார் வேலைக்கு ஆள் பங்கு கூடுகிறது பார், அந்த இடத்தை இரண்டு தரம் படித்தேன்.

இதன் மறுபக்கத்தை நான் இங்கே பார்த்திருக்கிறேன். கோதையாற்றுப் பக்கம் நாய் துரத்தி ஒரு மிளாக்குட்டி, அதாவது கடமான் குட்டி, ரப்பர் தோட்டத்துக்குள் வந்துவிட்டது. பால் மறந்து தழை தின்கிற வயசு. ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் பாவப்பட்டுச் சோறும் ரொட்டியும் பழத்தொலியும் வயிறு முட்டக் கொடுத்தார்கள். மறுநாள் செத்துப்போயிற்று. டாக்டர் அறுத்தபோது நான்தான் கூட நின்றேன். நல்ல ரூமன் என்றால் பச்சையாக, மேலே நார் மெத்தை மாதிரி மிதக்கும். இதில் சாம்பல் நிறக் கூழ். புளித்த மாவு வாடை. உள்தோல் விரல் பட்டதும் உரிந்து வந்தது. புளிப்பு கூடக் கூட எண் குறைகிற பிஎச் தாள் 5-க்குக் கீழே காட்டியது. போவிஸ் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டியிருக்கிறது. பிஎச் 6-க்குக் கீழே போனாலே நார் பாக்டீரியாவால் வேலை செய்ய முடியாது என்று உனக்குத் தெரியும்.

பொங்கலுக்கும் கல்யாணச் சாப்பாட்டுக்கும் மறுநாள் மாடுகளுக்கு வருவதும் இதேதான். ஆனால் மாட்டுக்கு ஆப்பச்சோடா கொடுத்து, சுகமான இன்னொரு மாட்டின் ரூமன் நீரைக் குழாய் வழியாக ஊற்றி எத்தனையோ தரம் எழுப்பிவிட்டிருக்கிறோம். மிளாவுக்கு ஊற்ற எங்கே போவது? மாட்டுடையதே அதற்கும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை.

சூபாபுல் தீவன மரத்தின் கதை உனக்கு ஞாபகம் இருக்கும். அந்தத் தழையில் உள்ள நஞ்சு ஆஸ்திரேலிய மாடுகளைப் படுத்தியது. ஹவாய் ஆடுகள் அதையே தின்று சுகமாக இருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் அந்த வித்தியாசம் ரூமன் கிருமியில் இருப்பதைக் கண்டார். ஹவாயிலிருந்து கிருமியைக் கொண்டுபோய்ச் செலுத்தியதும் ஆஸ்திரேலிய மாடுகளும் தாங்கின. அந்தக் கிருமிக்கு 1992-ல் அவர் பேரையே வைத்தார்கள். இனி மாமா தொழுவத்தைப் பற்றிப் பேசினால் இதைத்தான் எடுத்துவிடப் போகிறேன்.

உன்னிடம் இரண்டு காரியம். எடுக்கிற ஒவ்வொரு சாம்பிளோடும், அந்த மிருகம் போன சில வாரமாக என்ன மேய்ந்தது என்பதையும் எழுதி வை. தேதியும் எடையும் மட்டும் போதாது. அடுத்தது, நேரம் கிடைக்கும்போது தமிழில் ஒரு பக்கம் எழுதி அனுப்பு: காட்டு மிருகம் ஊருக்குள் வந்து மாட்டிக்கொண்டால் தண்ணீரும் அது தின்கிற காட்டுத் தழையும் மட்டும் வைக்க வேண்டும், சோறு, ரொட்டி, பழம் ஏன் கூடாது என்று. எழுத்து பெரிசாக இருக்கட்டும். பிரிண்ட் எடுத்து வனத்துறை ரேஞ்ச் ஆபீசிலும், தோட்டத்து ஆட்கள் காலையில் கூடுகிற மஸ்டர் ஷெட்டிலும் நானே ஒட்டிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா