அது தீபாவளிப் படமல்ல

ஆசிரியருக்கு,

தீபாவளி நெருங்கினால் போதும், 'விண்ணிலிருந்து தீபாவளி' என்று இந்தியாவின் இரவைக் காட்டும் ஒரு வண்ணப்படம் நாகர்கோவில் வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றிவரும். அது ஓர் இரவில் எடுத்ததே அல்ல. அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்களின் 1992, 1998, 2003 பதிவுகளை அடுக்கிச் செய்தது. அந்தந்த ஆண்டில் புதிதாகத் தெரிந்த விளக்குகளுக்கு நீலம், பச்சை, சிவப்பு. விண்ணிலிருந்து பார்த்தால் பட்டாசொளி தெருவிளக்கிலேயே கரைந்துவிடும்.

நிஜ இரவுப்படம் லேசல்ல. வீரர்கள் படமெடுக்கும் சர்வதேச விண்வெளி நிலையம் நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. கேமராவை அரை நொடி அசையாமல் திறந்துவைத்தால் வள்ளுவர் சிலையும் கன்னியாகுமரிக் கரையும் ஒரே கோடாக இழுபடும். லென்ஸைத் தரையோடு சேர்த்துத் திருப்ப வேண்டும். உள்விளக்கை அணைக்காவிட்டால் ஜன்னல் கண்ணாடிப் பிரதிபலிப்புதான் பதியும். இத்தகைய படங்களை வெளியிடும்போது எடுத்த தேதியையும் கருவியையும் கீழே அச்சிடுங்கள்.

– வாசகர், தக்கலை