பொருள்: விண்டோஸ் 11க்கு மாற்றக் கொடுத்த லேப்டாப்பில் இருந்த டேட்டாவை அழித்துத் திருப்பிக் கொடுத்தது குறித்து

பெறுநர்:
தலைமை அதிகாரி,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ராஜபாளையம்
நவம்பர் 2025

ஐயா, வணக்கம்.

போனிலும் மெயிலிலும் பல தடவை சொன்னதைத்தான் மறுபடி எழுதுகிறேன். ஒவ்வொரு முறையும் புதுப் புகார் எண் கொடுக்கிறார்கள், பழைய எண்ணை "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிடுகிறார்கள். எதுவும் தீரவில்லை. இனி உங்கள் கால் சென்டரோடு பேச எனக்குத் தெம்பு இல்லை.

உங்கள் கம்பெனி லேப்டாப், 2018இல் வாங்கியது. மாடல், சீரியல் நம்பர், பில் எல்லாம் உங்களிடமே இருக்கிறது. இன்டெல் எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம். விண்டோஸ் 11 ஏற்கும் மாடல்கள் என்று உங்கள் வெப்சைட்டில் போட்டிருக்கும் பட்டியலில் இதுவும் இருக்கிறது. ஆனால் விண்டோஸ் 11 ஏறுமா என்று சோதிக்கும் மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக்கை ஓட்டிப் பார்த்தால், அதற்குத் தேவையான இரண்டு பாதுகாப்பு வசதிகளான டிபிஎம் 2.0 இல்லை, செக்யூர் பூட் இல்லை என்று சிவப்பில் காட்டியது. பொருளைச் செய்தவர்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று உங்களுக்குப் போன் செய்தேன்.

அன்று பேசியவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சார், ஏழு வருஷ லேப்டாப்புக்கு எதுக்கு இவ்வளவு அலட்டிக்கிறீங்க? அக்டோபர் 14க்கு மேல இது ஆனே ஆகாது. புதுசா ஒண்ணு வாங்கிடுங்க." பெயரைக் கேட்டேன், லைனைத் துண்டித்துவிட்டார். அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றது விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த இலவசப் பாதுகாப்பு அப்டேட். லேப்டாப் வழக்கம்போல் ஓடும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்தால் 2026 அக்டோபர் 13 வரை அப்டேட்கூடப் பணம் இல்லாமல் கிடைக்கும். இந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லியிருந்தால் நான் அவசரமே பட்டிருக்க மாட்டேன். பயமுறுத்திப் புதுசு விற்கத்தான் ஆள் வைத்திருக்கிறீர்களா? அந்த அழைப்பு பதிவாகியிருக்கும். தயவுசெய்து கேளுங்கள்.

அப்புறம் மதுரை சர்வீஸ் சென்டர். முதலில் "இது சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்டைக் கேளுங்கள்" என்றார்கள். அங்கே கேட்டால் பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் லேப்டாப்பில் ஓடும் அடிப்படை செட்டிங்ஸ்) விஷயம், லேப்டாப் கம்பெனியைக் கேளுங்கள் என்கிறார்கள். திரும்ப வந்தால் "டிபிஎம் சிப்பே இல்லை, மதர்போர்டு மாற்ற வேண்டும்" என்று ரூ. 18,500க்கு எஸ்டிமேட். ஒரு நாள் "இன்ஜினியர் இருக்கிறார், உடனே கொண்டு வாருங்கள்" என்று உங்கள் ஆட்களே கூப்பிட்டார்கள். ஆபீஸைப் பூட்டிவிட்டு பஸ் ஏறி, மாட்டுத்தாவணியில் இறங்கி, ஆட்டோ பிடித்துப் போனால் இன்ஜினியர் லீவாம். கவுன்டரில் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மழையில் லேப்டாப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். அன்று போன பொழுதுக்கு யார் பதில் சொல்வது?

சிப் இல்லை என்றார்களே, அது பொய். இங்கே எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தம்பி, ஆன் ஆகும்போது எஃப்2 தட்டி பயாஸுக்குள் போய்க் காட்டினான். இன்டெல் பிடிடி என்று ஒரு வரி, பக்கத்தில் 'டிசேபிள்ட்', அதாவது அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அதுதான் டிபிஎம் 2.0. தனிச் சிப் வேண்டாம், பிராசஸரோடு சேர்ந்தே வருகிறது. வாரன்டி இருந்தபோது ஹார்டு டிஸ்க் கெட்டுப்போய், உங்கள் இன்ஜினியர்தான் டிஸ்க் மாற்றி விண்டோஸ் போட்டுக் கொடுத்தார். விண்டோஸ் 11 ஏற்காத பழைய லெகசி மோடில் போட்டு, பிடிடியை அணைத்து வைத்துவிட்டுப் போனவரும் அவர்தான். இந்தத் தம்பி பார்க்கும் வரை வேறு யாரும் அந்த லேப்டாப்பைத் தொட்டதில்லை.

அந்தத் தம்பி சொன்னதைத் தாளில் எழுதிக்கொண்டு போய் உங்கள் சென்டரிலேயே கொடுத்தேன். கம்பெனி ஆட்களே செய்யட்டும், அதுதான் பத்திரம் என்று நினைத்தேன். ஜாப் ஷீட்டில் "டேட்டா முக்கியம், அழிக்கக் கூடாது" என்று என் கையால் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன். கார்பன் காப்பி இதோடு இணைத்திருக்கிறேன். உங்கள் ஆளின் கையெழுத்தும் அதில் இருக்கிறது. திரும்பி வந்த லேப்டாப்பில் விண்டோஸ் 11 இருந்தது. வேறு ஒன்றுமே இல்லை. டி டிரைவும் காலி. "யுஇஎஃப்ஐக்கு மாத்தணும்னா ஃபார்மட் பண்ணித்தான் ஆகணும் சார்" என்றார்கள். யுஇஎஃப்ஐ என்பது லெகசிக்குப் பதிலாக விண்டோஸ் 11 கேட்கும் புது முறை. அதுவும் தவறு. டிஸ்க்கை அழிக்காமலே எம்பிஆர் என்ற பழைய டிஸ்க் அமைப்பிலிருந்து யுஇஎஃப்ஐக்குத் தேவையான ஜிபிடி அமைப்புக்கு மாற்றும் கருவியை 2017இலிருந்து விண்டோஸிலேயே வைத்திருக்கிறார்கள். உங்கள் இன்ஜினியருக்கு இது தெரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை. தெரிந்தே சோம்பல்பட்டிருக்கிறார்.

நான் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுப் பிழைப்பவன். சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்காரர்கள், இங்குள்ள சிறு கடைக்காரர்கள் என்று எத்தனையோ பேருடைய கணக்கு அதில் இருந்தது. ஸ்கேன் செய்த பில்கள், டேலி கணக்கு, எல்லாம் போயிற்று. 20ஆம் தேதிக்குள் 3பி என்ற மாத ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டும். தாமதமானால் ஆளுக்கு ஒரு நாளைக்கு ரூ. 50 அபராதம், வட்டி தனி. அதைவிடப் பெரிய நஷ்டம், என்னிடம் இத்தனை வருஷம் கண்ணை மூடிக்கொண்டு பில்லைக் கொடுத்தவர்கள் இன்று வேறு ஆள் தேடுகிறார்கள். என் தொழிலையே அழித்துவிட்டீர்கள். ஐந்து லட்சத்துக்குக் குறையாமல் நஷ்டம்.

உங்கள் கம்பெனிமீது எனக்குப் பகை இல்லை ஐயா. என் மகளுக்கும் உங்கள் லேப்டாப்தான் வாங்கிக் கொடுத்தேன். நான் கேட்பது இவ்வளவுதான். அந்த டிஸ்க்கை டேட்டா ரெக்கவரிக்கு உங்கள் செலவில் அனுப்புங்கள். அதுவரை அழிந்த டேட்டாமேல் புதிதாக எதுவும் பதிய வேண்டாம் என்றுதான் லேப்டாப்பை ஆன் செய்யாமல் வைத்திருக்கிறேன். வாங்கிய சர்வீஸ் கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள். போனில் அப்படிப் பேசியவர் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

15 நாளில் பதில் வராவிட்டால் 1915 என்ற போன் எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்வேன். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், வாங்கிய பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. தொழிலுக்கு வாங்கியது என்று தட்டிக்கழிக்கவும் முடியாது. சுயதொழில் செய்து பிழைப்பவனும் அந்தச் சட்டத்தில் நுகர்வோர்தான்.

பதிலை என் முகவரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். தயவுசெய்து இன்னொரு புகார் எண் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில், மதர்போர்டு எஸ்டிமேட், ஜாப் ஷீட் கார்பன் காப்பி