விஜிக்கு, சிங்கப்பூர் தோ பாயோவிலேருந்து

அடியே விஜி,

வந்து 5 வாரமாச்சு, ஒரு போன் கூட ஒழுங்கா பண்ணலன்னு ஒல்லிகிட்ட பொலம்பினியாம், அவ உடனே எனக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டுட்டா. தப்பு என்னோடதுதான். பேத்தி பொறந்து இன்னைக்கு 22 நாள், தாயும் புள்ளையும் சுகம். அண்ணனுக்கு சுகர் எப்படி இருக்குன்னு எழுது, மைசூர்பாக ஒளிச்சு வை.

எதிர்வீட்டு சீனப் பாட்டி போயிட்டாங்க. அத யார்கிட்டயாவது சொல்லணும், உன்ன விட்டா யாரு. அவங்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு சீனம் தெரியாது. வந்த புதுசுல, துணி மாட்டின மூங்கில் கழிய ஜன்னலுக்கு வெளிய இருக்குற குழாய்ல சொருகத் தெரியாம நின்னேன், கதவு தெறந்திருந்துச்சா, நேரா உள்ள வந்து என் கையப் புடிச்சு கழிய எப்படி சாய்க்கணும்னு காட்டிக் குடுத்துட்டுப் போனாங்க. அதுலேருந்து தெனமும் ஒரு சிரிப்பு, அவ்ளோதான் எங்க பேச்சு.

இங்க வீவகன்னு அரசாங்கம் கட்டிக் குடுத்த அடுக்குமாடி, அந்த புளோக்குங்க நெறையதுல கீழ்த்தளத்துல வீடே கட்டாம வெறும் தூணா விட்டு வச்சிருக்காங்க, வாய்ட் டெக்னு சொல்றாங்க. போன சனிக்கிழமை அங்கதான் ஒரு மலாய்க் கல்யாணம், கொம்பாங்னு அவங்க மேளத்த அடிச்சு, பந்தி போட்டு, மாப்ள பொண்ணு ராஜா ராணி மாதிரி உக்காந்திருந்தாங்க. செவ்வாய்க்கிழமை காலையில பாத்தா அதே எடத்துல பாட்டியோட பெட்டி. 5 நாள் வச்சிருந்தாங்க, 3, 5, 7ன்னு ஒத்தப்படையிலதான் வைப்பாங்களாம். பணமும் வெள்ளக் கவர்ல ஒத்தப்படையா குடுக்கணும், நல்லதுக்கெல்லாம் ஜோடி. நம்ம 101 ரூபா மொய்க்கு நேர் தலகீழ்.

பச்சப்புள்ள இருக்குற வீடு, போகாதம்மான்னு எம் பொண்ணு சொன்னா. எனக்கு மனசு கேக்கல, போனேன். ஊதுபத்தி ஒண்ணு கையில குடுத்தாங்க, கும்பிட்டேன். அப்புறம் வட்ட மேசையில உக்கார வச்சு வேர்க்கடலை, தர்பூசணி வெத, செவ்வந்திப்பூ டீ பாக்கெட்டு. சாவு வீட்ல பச்சத்தண்ணி குடிக்காம வர்ற நம்ம ஆளுங்களுக்கு இது எப்படி இருக்கும் சொல்லு, ஆனா அங்க பரிமாறின புள்ள ஸ்ட்ராவ சொருகி கையில குடுக்கும்போது வேண்டாம்னு சொல்ல வாய் வரல. பக்கத்து மேசையில மலாய்க்காரங்க, கீழ் வீட்டு மலையாளத்தம்மா. புளோக்குல எந்த இனம் எவ்ளோ வரைக்கும் இருக்கலாம்னு 1989லேருந்து கணக்கு வச்சு வீடு குடுக்குறாங்க, அதனால சாவுக்கும் எல்லாரும்தான்.

கெளம்பும்போது பழக்கதோஷத்துல போயிட்டு வரேன்னு சொல்லாம எழுந்தேன். அவங்களும் சொல்லக் கூடாதாம்டி! திரும்பப் பாக்கலாம்ங்கற வார்த்தைய சாவு வீட்டுல எடுக்கவே மாட்டாங்களாம். பாட்டியோட மகன் ஓடி வந்து ஒரு செவப்பு நூல என் வெரல்ல சுத்தி விட்டாரு, "பேபி, பேபி"ன்னு மேல கை காட்டி. வீட்டுக்குள்ள நொழையறதுக்கு முன்னாடி கழட்டிப் போட்டுடணும், கெட்டது கூட வராதாம். அம்மாவ பெட்டியில வச்சிருக்குற நேரத்துல என் பேத்திய நெனச்சாரு பாரு. லிஃப்ட் வாசல்லயே கழட்டிப் போட்டுட்டு, மஞ்சத்தண்ணியில குளிச்சிட்டுதான் குழந்தையத் தொட்டேன்.

ராத்திரி தூக்கம் வரல. ஒல்லியோட அம்மா போனப்ப நம்ம அபார்ட்மென்ட்ல என்ன நடந்துச்சு? கீழ கார் நிக்குது, கொழந்தைங்க பயப்படும், 2 மணி நேரத்துல எடுத்துடுங்கன்னு சொன்னாங்கள்ல. நீயும் நானும் படிக்கட்டுல வாய மூடிட்டு நின்னோம். பெங்களூர்லேருந்து அவ அண்ணன் வந்து மொகத்தப் பாக்க முடியாமப் போச்சு. நம்ம வீட்டுக்குக் கீழயும் அதே தூணுதான விஜி, காருக்கு எடம் இருக்கு, 40 வருஷம் நம்ம கூட வாழ்ந்த ஒரு பொம்பளைக்கு ஒரு ராத்திரி எடம் இல்லையா?

அடுத்த அபார்ட்மென்ட் மீட்டிங்ல, சாவு நடந்தா நாலு காரையாவது ஒரு நாள் ரோட்ல நிறுத்தணும்னு எழுதி வாங்கணும். நான் வர்றதுக்குள்ள மீட்டிங் வந்தா நீ பேசு, வாயாடி நீ, உன் வாய் எதுக்கு இருக்கு. ஒல்லிகிட்ட இப்போதைக்கு சொல்லாத.

கோடாலித் தைலம் 6 பாட்டில் வாங்கியாச்சு, உனக்கு ரெண்டு. குழந்தை அழுவுது.

உன்
லதா