சிறுவர் பக்கத்தில் உழுத குதிரைக்கும் ஓர் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு கிழமைக்கு முன் உங்கள் சிறுவர் பக்கத்தில் வந்த குதிரைப் படங்களை என் பேர்த்தி வெட்டி அலுமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். தரம் 6 படிக்கிற பிள்ளை, குதிரை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். அரேபியக் குதிரை, பந்தயக் குதிரை, போலோக் குதிரை எல்லாம் அவளுக்கு மனப்பாடம். நானும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அத்தனையும் ஓடுகிற குதிரை. கலப்பை இழுத்தது ஒன்றுகூட இல்லை.

நான் குதிரை வளர்த்தவன் இல்லை. உரும்பிராயில் நாற்பது வருடம் தோட்டம் செய்தவன், அதில் பாதிக்காலம் மாடு கட்டி உழுதவன். சில வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில், இப்சுவிச்சில் இருக்கிற மகளிடம் போயிருந்தபோது ஒரு விவசாயக் கண்காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கேதான் சஃபோக் பஞ்ச் என்ற குதிரையைக் கண்டேன். சஃபோக் என்பது அந்த மாவட்டத்தின் பெயர். பஞ்ச் என்றால் குட்டையாய்த் திரண்டது என்று பொருளாம். குட்டை என்கிறார்களே தவிர, அதன் தோள் என் தலைக்குச் சமமாக இருந்தது. எடை ஒரு தொன்னுக்குக் கிட்ட வரும்.

நிறம்தான் முதலில் கண்ணைப் பிடித்தது. கழுவித் துடைத்த புளியங்கொட்டை வெயிலில் மினுங்குமே, அந்த நிறம். இந்த இனத்தில் வேறு நிறமே கிடையாது. வெளிர் செம்பழுப்பிலிருந்து ஈரல் நிறம் வரைக்கும் ஏழு சாயல் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். வைத்திருந்த மனிதர் முன்காலைத் தட்டினார், அது தானாகவே காலைத் தூக்கிக் கொடுத்தது. குளம்பு கிட்டத்தட்ட ஒரு சோற்றுக் கோப்பை அகலம். பக்கத்தில் நின்ற ஷயர் என்ற இன்னொரு பார இழுவை இனக் குதிரைகளுக்குக் கணுக்காலைச் சுற்றிச் சாமரம் மாதிரி மயிர் தொங்கியது. இதற்குக் கால் சுத்தம். ஏன் என்று கேட்டேன். அந்தப் பக்கத்து மண் களி, நீள மயிர் இருந்தால் சேறு அப்பிக்கொண்டு காய்ந்து போகும் என்றார். மாரி மழையோடு வயலுக்குள் இறங்கின எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

அன்று உயிரோடு இருந்த அத்தனை சஃபோக் குதிரையும் தந்தை வழியில் ஒரே ஆண் குதிரையின் வாரிசு என்றார்கள். அஃபர்ட் என்ற ஊரில் தோமஸ் கிரிஸ்ப் என்பவரிடம் இருந்த, 1768-இல் பிறந்த குதிரை அது. பழைய காலத்தில் பலம் பார்க்கிற விதம் ஒன்று இருந்திருக்கிறது. விழுந்து கிடக்கிற பெரிய மரத்தில் குதிரையைக் கட்டி இழுக்க விடுவார்கள். மரம் அசைய வேண்டும் என்றில்லை. இழுக்கிற இழுவையில் குதிரை முழங்காலில் இறங்கினாலே தேறினது என்று கணக்கு. இதைக் கேட்டதும் பேர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கோ குதிரை மேல் மரியாதை கூடியது. ஒரு காலத்தில் குளம்புதான் இந்த இனத்தின் பலவீனம். கண்காட்சிகளில் குளம்புக்கென்றே தனிப் போட்டி வைத்து அதையும் திருத்தியிருக்கிறார்கள்.

இரண்டு குதிரை கட்டி ஒற்றைக் கலப்பையால் உழுதால் நாளொன்றுக்கு ஒரு ஏக்கர். நம் கணக்கில் 16 பரப்பு. சால் ஒன்பது அங்குல அகலம் என்றால், அந்த 16 பரப்பை உழுது முடிக்கக் குதிரையும் பின்னால் போகிற ஆளும் 11 மைல் நடக்க வேண்டும். பேர்த்தி இதைக் கொப்பியில் போட்டுப் பார்த்தாள், சரியாக வந்தது. குதிரையைப் பற்றி அவள் கற்றதில் இதுதான் உருப்படியான பாடம் என்பேன்.

அப்புறம் உழவு இயந்திரம் வந்தது. 1966-இல் பதிவான குட்டிகள் மொத்தம் ஒன்பது. இன்றும் அருகிப்போகிற இனங்களின் பட்டியலில் மேல் வரிசையில்தான் இருக்கிறது. தப்பிப் பிழைத்ததில் ஒரு சிறைச்சாலைக்கும் பங்குண்டு. ஹொலஸ்லி பே என்ற சிறையின் பண்ணையில் கைதிகள்தான் இவற்றைப் பராமரித்தார்கள். 2006-இல் ஓர் அறக்கட்டளை அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டது.

இங்கே மாட்டுக்கு நடந்ததும் இதுதானே. லான்ட்மாஸ்ரர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரம் வாங்கியதும் நானும் என் சோடி மாட்டை விற்றேன். 90-களில் எரிபொருள் தடை வந்து, மண்ணெண்ணெய் போத்தலில் விற்ற காலத்தில், அதே லான்ட்மாஸ்ரரைப் படங்கால் மூடி வைத்துவிட்டு அயல்வீட்டு மாட்டை இரவல் கேட்டுப் போய் நின்றேன். அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது. வண்டிச் சவாரி என்று மாட்டு வண்டிப் பந்தயம் ஒன்று இருப்பதால் இன்றைக்கும் சில வீடுகளில் நல்ல மாடு நிற்கிறது. சவாரியைப் பற்றி எனக்கு வேறு குறைகள் உண்டு, அதை இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன்.

நமக்குக் கிட்டவும் குதிரை இருக்கிறது. போன விடுமுறையில் குறிகட்டுவானில் படகேறிப் பேர்த்தியை நெடுந்தீவுக்குக் கூட்டிப் போனேன். வெளியில் மேய்ந்த மட்டக்குதிரைகளைக் கண்டதும், “இது என்ன அப்பப்பா, கழுதையோ?” என்றாள். விலா எலும்பை எண்ணலாம் போல நின்றன. போர்த்துக்கேயர் கொண்டுவந்து, ஒல்லாந்தர் பெருக்கி, ஆங்கிலேயர் காலத்திலும் வளர்த்து, பிறகு கைவிட்ட குதிரைகளின் வழி வந்தவை அவை. லாயம் இருந்த இடத்தின் கல்தூண்களைக் காட்டினேன். வேலைக்கென்று வளர்க்கப்பட்ட இனம்தான், வேலை போன பிறகு புல்லும் தண்ணீரும் கிடைத்தால் பிழைக்கும், கோடையில் கிடைக்காவிட்டால் சாகும். நாங்கள் நிற்கும்போதே இரண்டு பையன்கள் படம் எடுப்பதற்காக மோட்டார் சைக்கிளில் அவற்றைத் துரத்தினார்கள். சத்தம் போட்டேன். “காட்டுக் குதிரைதானே ஐயா” என்றார்கள்.

ஆகவே, பந்தயக் குதிரையோடு சஃபோக் பஞ்சையும், அதற்குப் பக்கத்திலேயே நெடுந்தீவு மட்டக்குதிரையையும் சிறுவர் பக்கத்தில் போடுங்கள். எத்தனை கிலோமீற்றர் வேகம் என்பதோடு நிறுத்தாமல் என்ன வேலை செய்தது, எந்த மண்ணில் நின்றது, என்ன தின்றது என்றும் எழுதுங்கள். படத்தைக் கலரிலேயே போட வேண்டும். கறுப்பு வெள்ளையில் போட்டால் அந்தப் புளியங்கொட்டை நிறம் போய்விடும், பேர்த்தி என்னைத்தான் பிடிப்பாள். அலுமாரிக் கதவில் இப்போதே இடம் ஒதுக்கி வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
வாசகன் ஒருவன்,
உரும்பிராய்.