மழை விவாதம் பற்றி ஒரு வேண்டுகோள்

வியாசர்பாடி குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். சென்னை வெள்ளத்துக்கு எந்தக் கட்சி ஆட்சி காரணம் என்று நேற்று இரவு நம் குழுவில் நடந்த வாக்குவாதத்தை முழுவதும் படித்தேன். இரண்டு பக்கமும் எனக்கு வேண்டியவர்கள், அதனால்தான் மனசு கேட்காமல் எழுதுகிறேன்.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது அதிமுக ஆட்சி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது திமுக ஆட்சி. முதலாவதை இயற்கைச் சீற்றம் என்கிறவர் இரண்டாவதை நிர்வாகத் தோல்வி என்கிறார். எதிர்ப்பக்கத்தில் அப்படியே தலைகீழ். நம்ம கட்சி ஆட்சியில் இதே நடந்தால் இதையே சொல்வேனா என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டுப் போடுங்கள்.

அப்புறம் செம்பரம்பாக்கம் ஏரி. அங்கே 2015-ல் தண்ணீர் திறந்த விதத்தை 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கையே குறை சொன்னது. நியாயமான விமர்சனம்தான். ஆனால் அந்தத் தண்ணீர் அடையாற்றில் போனது. நம் தெருவில் நின்றது அது இல்லை. இங்கே கேட்க வேண்டியது கேப்டன் காட்டன் கால்வாயையும் ஓட்டேரி நல்லா ஓடையையும் ஒழுங்காகத் தூர்வாரினார்களா என்று. அதை எந்தக் கட்சிக்காரர் கேட்டாலும் நானும் சேர்ந்து கேட்பேன்.

இனி படம் போட்டால் தேதியும் இடமும் சேர்த்துப் போடுங்கள். பழைய வெள்ளப் படத்தைப் புதிது என்று போட்டால் நீக்கிவிடுவேன், யார் போட்டாலும் சரி.

- அட்மின்